பேன் தொல்லை: திட்டுவதை விடுங்கள்... தேதியைக் குறியுங்கள்!

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், எங்கள் செம்பரம்பாக்கம் பக்கம் சாயங்கால நேரத்தில் வாசற்படிகள் நிரம்பிவிடும். மேல் படியில் அம்மா, கீழ்ப் படியில் மகள். அம்மா கையில் ஈர்வலி. "எந்தப் புள்ளகிட்ட இருந்துடி வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் ஒன்றை வைத்து 'டிக்' என்று நசுக்குவார். மகள் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

அவளால் பதில் சொல்லவும் முடியாது. ஏனென்றால், முதல்முறையாகப் பேன் வருகிறவர்களுக்கு அரிப்பு ஆரம்பிக்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். இன்றைக்குச் சொறிகிற குழந்தைக்குப் பேன் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கும். போன மாதம் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், யாரோடு தலையை ஒட்டி வைத்து விளையாடினாள் என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குறது' என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறவர்களைக் கிண்டல் செய்யும் பழமொழி. பேன் விஷயத்தில் நாமும் அதைத்தான் செய்கிறோம். சின்னப் பூச்சிக்காகக் குழந்தையைத் திட்டுகிறோம், முடியை ஒட்ட வெட்டுகிறோம், கையில் கிடைத்ததையெல்லாம் தலையில் தேய்க்கிறோம். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் பாதியில் விட்டுவிடுகிறோம். அது என்ன என்று இந்த வாரம் பார்க்கலாம்.

அரிப்பு ஏன் வருகிறது?

பேனுக்குச் சாப்பாடு நம் ரத்தம்தான். தலைத்தோலைக் கடித்து ரத்தம் குடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. அந்த எச்சில் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் வருவதுதான் அரிப்பு. முதல்முறை என்றால் இந்த ஒவ்வாமை உருவாக வாரக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே பேன் வந்து போனவர்களுக்கு ஓரிரு நாளிலேயே அரிக்க ஆரம்பித்துவிடும்.

கவனிக்க வேண்டியவை இவை. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அடிக்கடி சொறிவது. தலையில் ஏதோ ஊர்வது போல இருக்கிறது என்று குழந்தை சொல்வது. ராத்திரி சரியாகத் தூங்காமல் புரள்வது (இருட்டில் பேன் அதிகமாக நடமாடும்). பிடரியில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சொறிந்து சொறிந்து வந்த புண். கழுத்தில் நெறி கட்டியிருப்பது. சில குழந்தைகளுக்கு அரிப்பே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொடுகா, ஈரா?

வளர்ந்த பேன் எள் அளவு இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆறு கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் முடியைக் கவ்விப் பிடிக்கக் கொக்கி. அதற்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. ஆனால் முடியைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்கும். வகிடு எடுத்து வெளிச்சம் பட்டதும் பக்கத்து முடிக்குள் ஓடிவிடும். அதனால்தான் பல வீடுகளில் பேன் கண்ணில் படாமல் ஈர் மட்டும் தெரிகிறது.

ஈர் என்பது பேனின் முட்டை. முடியின் ஒரு பக்கமாக, தலைத்தோலை ஒட்டிப் பசை வைத்தது போல ஒட்டியிருக்கும். பார்க்கப் பொடுகு மாதிரியே இருப்பதால் ஏமாந்துவிடுவோம். பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. விரலால் தட்டுங்கள், ஊதிப் பாருங்கள். பொடுகு உதிரும். ஷாம்பு, ஹேர் ஸ்ப்ரே படிந்த துணுக்கு என்றால் முடியோடு வழுக்கிக்கொண்டு வரும். ஈர் அசையாது. இரண்டு நகங்களுக்கு நடுவில் முடியைப் பிடித்து இழுத்தால்தான் வரும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முட்டை பொரிய தலைத்தோலின் சூடு வேண்டும். அதனால் பேன் தோலிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டருக்குள்தான் பெரும்பாலும் முட்டையிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே தோலிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் வெள்ளை ஈர், ஏற்கெனவே பொரிந்து போன காலி ஓடாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தோலை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் இருப்பவைதான் கவலைப்பட வேண்டியவை. பழைய ஓட்டைப் பார்த்துவிட்டு, போன மாதம் மருந்து போட்ட தலையில் மறுபடியும் மருந்து போடுகிறவர்கள் நிறைய பேர். உயிருள்ள பேன் ஒன்றாவது கண்ணில் பட்டால்தான் வைத்தியம் தேவை.

கண்ணை நம்பாதீர்கள், சீப்பை நம்புங்கள்

தலையை விலக்கி விலக்கிப் பார்ப்பதுதான் நமக்குத் தெரிந்த முறை. ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. வெறும் கண்ணால் பார்த்ததில் பேன் இருந்த பிள்ளைகளில் 28.6 சதவிகிதம் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தலையை ஈரமாக்கிச் சீவியதில் 90.5 சதவிகிதம் பேரைக் கண்டுபிடித்தார்கள். அதாவது, "பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல" என்று நாம் அனுப்பிவைக்கும்போது, பேன் இருக்கிற பத்துத் தலைகளில் ஏழு நம் கண்ணில் படாமல் போகலாம்.

காரணம் எளிது. காய்ந்த தலையில் பேன் ஓடும். ஈரமான, வழவழப்பான தலையில் அதனால் ஓட முடியாது. செய்முறை இதுதான்:

1. தலைக்கு வழக்கமான ஷாம்பு போட்டு அலசுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள். முடி ஈரமாகவே இருக்கட்டும்.

2. கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். சாஷே ஒன்று போதாது என்றால் இரண்டு. கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். சீப்பு வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

3. சாதாரணச் சீப்பால் சிக்கை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பேன் சீப்பைப் போட்டால் குழந்தை அழுதுகொண்டு எழுந்து ஓடிவிடும்.

4. தோளில் வெள்ளைத் துண்டு போடுங்கள். முடியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து, முடியின் நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள்.

5. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் துடைத்துப் பாருங்கள். பேன் வந்ததா என்று அதில் தெரிந்துவிடும்.

6. முழுத் தலையையும் முடித்ததும் கண்டிஷனரை அலசிவிட்டு, ஈரத்தோடு இன்னொரு முறை சீவுங்கள்.

குட்டை முடிக்கு 10 நிமிடம் போதும். இடுப்பு வரை தொங்கும் கூந்தல் என்றால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தை கையில் ஒரு கதைப் புத்தகமோ, எதிரில் டி.வி.யோ இருந்தால் அரை மணி நேரம் தெரியாமல் போய்விடும். பல் இடைவெளி மிக நெருக்கமாக இருக்கும் உலோகச் சீப்பு நல்லது. பாட்டி காலத்து மர ஈர்வலியும், பல் உடையாமல் இருந்தால், வேலை செய்யும்.

இந்தக் கருவி எவ்வளவு பழசு தெரியுமா? இஸ்ரேலின் லாக்கிஷ் என்ற பழைய நகரத்தில் அகழாய்வில் கிடைத்த ஒரு தந்தச் சீப்பைப் பற்றி 2022-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சுமார் 3,700 ஆண்டுகள் பழசு. நம் ஈர்வலி மாதிரியே இரண்டு பக்கமும் பல். ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 தடித்த பற்கள், மறுபக்கம் பேன் எடுக்க 14 மெல்லிய பற்கள். அதன் மேல், தலையிலும் தாடியிலும் இருக்கும் பேனை இது ஒழிக்கட்டும் என்ற பொருளில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருந்தது. பற்களுக்கு நடுவில் பேனின் மிச்சம்கூட இருந்தது. தந்தச் சீப்பு வைத்திருந்த பணக்கார வீட்டிலும் பேன் இருந்திருக்கிறது!

பேனின் காலண்டர்

"போன வாரம்தான் மருந்து போட்டேன், மறுபடியும் வந்துடுச்சு" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற புலம்பல். பெரும்பாலும் அது மறுபடியும் வந்தது கிடையாது. மிச்சம் இருந்தது.

ஒரு பெண் பேன் நாளொன்றுக்கு 8 முட்டைகள் வரை இடும். தலையில் அதன் ஆயுள் சுமார் ஒரு மாதம். முட்டை பொரிய ஒரு வாரம் முதல் 10 நாள் வரை ஆகும். பொரிந்து வரும் குஞ்சு வளர்ந்து, அது முட்டையிட ஆரம்பிக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தலையில் இருந்த எல்லாப் பேனையும் எடுத்துவிட்டீர்கள். முட்டைகள் அப்படியே இருக்கின்றன. பல மருந்துகள் முட்டையைக் கொல்லாது. சீப்பிலும் எல்லா முட்டையும் வராது. அடுத்த பத்து நாளில் அவை ஒவ்வொன்றாகப் பொரியும். நீங்கள் "போயிடுச்சு" என்று நிம்மதியாக இருப்பீர்கள். மூன்றாவது வாரம் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும். மறுபடி முதலிலிருந்து.

பாதியில் விடுகிறோம் என்று மேலே சொன்னது இதைத்தான். பேனை ஒழிப்பது ஒருநாள் வேலை இல்லை, இரண்டு வார வேலை. அதே சமயம் பயப்படவும் ஒன்றும் இல்லை. பொரிந்த குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள் அதைச் சீவி எடுத்துவிட்டால் அந்த வம்சம் அத்தோடு முடிந்தது.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் நாள்கள்: 1, 5, 9, 13. கடைசியாக 17-ம் நாள் ஒரு சோதனை. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தால் நம் வீட்டுக் கணக்கில் இப்படி வரும்:

ஞாயிறு – முதல் சீவல்.
வியாழன் – இரண்டாவது.
அடுத்த திங்கள் – மூன்றாவது.
அந்த வெள்ளி – நான்காவது.
அதற்கடுத்த செவ்வாய் – சோதனை.

கடைசி இரண்டும் பெண் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வெள்ளி, செவ்வாயிலேயே வந்துவிடுவதால் மறக்கவும் வாய்ப்பில்லை. 17-ம் நாள் சீப்பில் எதுவும் வரவில்லை என்றால் ஜெயித்துவிட்டீர்கள். நடுவில் ஒருநாள் பெரிய பேன் ஒன்று வந்தால், வேறு யார் தலையிலிருந்தோ புதிதாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அதையே முதல் நாளாக வைத்து மறுபடி எண்ணுங்கள்.

யாருமே பார்க்காத ஒரு தலை

வீட்டில் எல்லோர் தலையையும் அம்மா பார்க்கிறார். அம்மாவின் தலையை யார் பார்க்கிறார்கள்?

மகளைப் பக்கத்தில் அணைத்துப் படுக்க வைப்பவர் அம்மா. பேத்தியை மடியில் போட்டுத் தூங்க வைப்பவர் பாட்டி. பேன் பரவுவதற்கு முக்கிய வழியே தலையோடு தலை ஒட்டுவதுதான். மகள் தலையைச் சுத்தம் செய்து, அன்று ராத்திரியே அம்மா பக்கத்தில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? வயதானவர்கள் "இந்த வயசுல எனக்கு எங்கடி பேன்" என்று கொண்டையை அவிழ்க்கவே விடமாட்டார்கள். அவர்களுக்கும் பக்குவமாகச் சொல்லிச் சீவிப் பாருங்கள். அப்பா, தம்பி எல்லோருக்கும் ஒரே நாளில் சோதனை. யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் அதே நாளில் வைத்தியம் ஆரம்பிக்க வேண்டும். இல்லாதவர்களுக்குத் தேவையில்லை.

அம்மா தலையைச் சீவ அப்பாக்கள் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. அரை மணி நேரம்தானே!

விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் தங்கைகளுக்கும் இதுவே. பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனையோ பெண்கள் அறையைப் பகிர்ந்துகொண்டு தங்கியிருக்கிறார்கள். ஒருத்திக்கு இருந்தால் அவள் மறைக்க வேண்டாம், மற்றவர்கள் முகம் சுளிக்கவும் வேண்டாம். அறைத் தோழிகள் எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கொருவர் சீவிவிட்டால் விஷயம் முடிந்தது.

மருந்துக் கடையில் என்ன கேட்பது?

சீவ நேரமில்லை, அல்லது பேன் மிக அதிகம் என்றால் மருந்து உண்டு. 1 சதவிகிதம் பெர்மெத்ரின் உள்ள லோஷன் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இதில் ஒரு எச்சரிக்கை: 5 சதவிகிதம் பெர்மெத்ரின் உள்ள க்ரீமும் கடையில் இருக்கும். அது சொறி சிரங்குக்கு உடம்பில் தடவுவது. வாங்கும்போது அட்டையில் எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள்.

ஷாம்பு போட்டு அலசித் துண்டால் ஒற்றிய தலையில் லோஷனைத் தடவி 10 நிமிடம் விட்டு அலச வேண்டும். அன்றைக்குக் கண்டிஷனர் வேண்டாம். அது மருந்தை முடியில் பிடிக்கவிடாது. அடுத்த ஓரிரு நாள் தலைக்கு ஷாம்பு போட வேண்டாம். 9-ம் நாள், அதாவது நம் அட்டவணையில் இரண்டாவது வாரத் திங்கள்கிழமை, மறுபடி ஒருமுறை. பல பேர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது முறையைத்தான். "நிறைய வெச்சா சீக்கிரம் போகும்" என்று மணிக்கணக்கில் ஊறவைப்பதும், வாரம் மூன்று முறை போடுவதும் ஆபத்து. கண்ணில் படாமல் துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். குளிக்கவைத்து முழு உடம்பிலும் மருந்து வழியவிடாமல், தலையை மட்டும் குனியவைத்து அலசுங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைப் போடக் கூடாது. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே எந்த மருந்தையும் தொட வேண்டும். பேனுக்கு ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. அது டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

நம் அம்மாக்கள் காலத்தில் காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு லோஷன் பிரபலம். லிண்டேன் என்பதும் அதுதான். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, உலகம் ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. பேனுக்கும் சொறிக்கும் மட்டும், அதுவும் மற்ற மருந்து பலிக்காதபோது பயன்படுத்த விலக்குக் கொடுத்தது. வீட்டில் பழைய பாட்டில் கிடந்தால் அதை எடுக்காதீர்கள்.

மருந்துதான் சிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், அட்டவணைப்படி ஈரத்தலையில் சீவிய பிள்ளைகளில் 57 சதவிகிதம் பேருக்குப் பேன் முழுதாகப் போனது. கடையில் வாங்கிய மருந்து போட்டவர்களில் 13 சதவிகிதம் பேருக்குத்தான் போனது. மருந்துக்கு அசராத பேன்கள் உருவாகிவிட்டது இதற்கு ஒரு காரணம். மருந்து போட்டாலும் சீப்பை விடாதீர்கள் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

தலையில் வைக்கவே கூடாதவை

பேனால் பெரும்பாலும் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய கெடுதல் கிடையாது. தலைப்பேன் நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது துணிகளில் வாழும் உடற்பேன். அதைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் நிக்கோலுக்கு 1928-ல் நோபல் பரிசு கிடைத்தது. தலைப்பேன் அது இல்லை. ஆனால் பேனை ஒழிக்க நாம் செய்கிற சில வேலைகள் குழந்தையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதலில், சீத்தாப்பழ விதை. விதையைக் காயவைத்துப் பொடித்து எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். பேனைக் கொல்லும் நஞ்சு அதில் இருப்பது உண்மை. அதே நஞ்சு கண்ணுக்குள் போனால் கருவிழியின் மேல்தோலைப் பாதிக்கும். இப்படிக் கண் பாதிக்கப்பட்டு வந்தவர்களைப் பற்றித் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். போட்ட உடனே ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து வலி, கண்ணீர், சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை என்று ஆரம்பிக்கலாம். அலசும்போது கண்ணில் வழிந்தாலே போதும், பொடி கண்ணில் தூவப்பட வேண்டும் என்றுகூட இல்லை.

அப்படிப் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் கண்ணில் ஊற்றிக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விட வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். உடனே கண் டாக்டரிடம் போங்கள். சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. என்ன தேய்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சரியான நேரத்தில் போனால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

இரண்டாவது, பூச்சி மருந்துகள். எறும்புப் பொடி, கரப்பான் ஸ்ப்ரே, வயலுக்கு அடிப்பது, மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் போடுவது எதுவும் மனிதத் தலைக்கு ஆகாது. தலைத்தோல் வழியாக, அதுவும் சொறிந்து புண்ணான தோல் வழியாக, நஞ்சு ரத்தத்தில் கலக்கும். மருந்து பட்ட பிறகு வாந்தி, எச்சில் ஒழுகுதல், அதிக வியர்வை, உடம்பு துடிப்பது, மயக்கம் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மூன்றாவது, மண்ணெண்ணெய், பெட்ரோல். தீப்பற்றும். சாமி விளக்கோ, கேஸ் அடுப்போ பக்கத்தில் இருந்தால் அவ்வளவுதான்.

நான்காவது, கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசுவார்கள். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

வேப்பெண்ணெய், வசம்பு, துளசி பற்றிக் கேட்பவர்களுக்கு: இவை மட்டுமே பேனை முழுதாக ஒழிக்கும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. எண்ணெய் போட்டால் பேன் மந்தமாகும், சீப்பு வழுக்கும். அந்த உதவிக்குச் சாதாரணத் தேங்காய் எண்ணெயே போதும்.

தலைக்குக் குளித்தால் போகுமா?

போகாது. பேன் தன் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீருக்குள் உயிரோடு இருக்கும். எங்கள் ஊரில் 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் கொள்ளும் ஏரி இருக்கிறது. அது நிரம்பி வழிந்தாலும் பேன் மூழ்கிச் சாகாது. நீச்சல் குளத்துத் தண்ணீருக்கும் அசையாது.

'தலைக்குக் குளிக்காததால்தான் பேன் வருகிறது' என்பதும் இதனால் தவறு. அழுக்குத் தலை, சுத்தமான தலை என்ற பேதம் பேனுக்கு இல்லை. அதற்கு வேண்டியது ரத்தமும் சூடும்.

வீட்டைக் கழுவ வேண்டுமா?

பாதி வேலை மிச்சமாகும் செய்தி இது: தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கீழே விழுந்த முட்டை, சூடு இல்லாததால் பொரிவது அரிது. மெத்தை, சோபாவுக்கெல்லாம் மருந்து அடிக்க வேண்டாம்.

கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, தலைக்குப் போடும் துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சீப்பு, ரிப்பன், ஹேர்பேண்ட் ஆகியவற்றைக் கை வைக்க முடியாத சூட்டில் உள்ள தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். துவைக்க முடியாத பொம்மை, தொப்பி இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஓரமாக வையுங்கள். அவ்வளவுதான்.

மொட்டை, பெஞ்ச், மானம்

மொட்டை போட்டால் பேன் போகும், சந்தேகமே இல்லை. திருவேற்காடு கருமாரியம்மனுக்கு வேண்டுதல் இருந்து குழந்தையும் ஆசையாக வந்தால் அது வேறு. பேனுக்குத் தண்டனையாக, பத்து வயதுப் பெண்ணை அழ அழ மொட்டையடிப்பதற்கும் வேண்டுதலுக்கும் சம்பந்தமில்லை. பேன் இரண்டு வாரத்தில் போய்விடும். வகுப்பில் எல்லோரும் சிரித்தது பல வருஷம் மனதில் இருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பேன் இருக்கும் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைப்பதும், எல்லோர் முன்னாலும் பெயர் சொல்வதும், "போனதும் வா" என்று வீட்டுக்கு அனுப்புவதும் தேவையில்லாதவை. பேனோ ஈரோ இருக்கிறது என்பதற்காக ஆரோக்கியமான குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையிலும் சொல்லியிருக்கிறது. ஒரு மாதமாக வகுப்பில் இருந்த பிள்ளையை இன்று மத்தியானம் வீட்டுக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல், "இந்த ஞாயிறு எல்லோரும் பிள்ளைகள் தலையைச் சீவிப் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டால் பலன் அதிகம்.

அரசுப் பள்ளிகளுக்கு மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு பரிசோதனைக்கு வரும். 2013-ல் தொடங்கிய திட்டம் இது. அவர்கள் வரும்போது தலையில் புண் உள்ள பிள்ளைகளைக் காட்டலாம்.

பள்ளிக்குப் போகும்போது இரட்டைச் சடை பின்னி மடித்துக் கட்டுவதும் நல்ல பாதுகாப்பு. தொங்கும் முடி அடுத்தவர் தலையில் படுவது குறையும். சீப்பு, தொப்பி, ஹேர்பேண்டைப் பகிர வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். தோழியோடு பேசாதே, பக்கத்தில் உட்காராதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தலையில் சீழ், பொருக்குத் தட்டிய புண், கழுத்தில் வலியோடு நெறி, காய்ச்சல் இருந்தால் போக வேண்டும். சொறிந்த இடத்தில் கிருமி புகுந்திருக்கும், அதற்குத் தனி மருந்து தேவை. கண் இமை முடியில் ஈர் தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். அட்டவணைப்படி முழுதாகச் செய்தும், மருந்தை இரண்டு முறை சரியாகப் போட்டும் உயிருள்ள பேன் இருந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பூந்தமல்லி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

மற்றபடி, உங்களுக்குத் தேவை ஒரு பேன் சீப்பு, கொஞ்சம் கண்டிஷனர், தினசரி காலண்டர். வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்து ஐந்து தேதிகளை இப்போதே வட்டம் போட்டுவிடுங்கள். ஐந்தாவது வட்டம் வரை விடாமல் செய்யுங்கள். அந்த ஐந்து நாளிலும் வீட்டில் எல்லோர் தலையும் அடங்கட்டும், உங்கள் தலையும் சேர்த்து!